மலையேறி விம்பரும் துணைவலியும்

வலியறிதல் என்னும் திருக்குறள் அதிகாரத்தை மேல்வகுப்பு மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் நான் பல்லாண்டாக ஒரே முறையைத்தான் கையாண்டு வந்தேன். ஒரு வினையை மேற்கொள்வோன் அவ்வினையின் வலியையும், தன் வலியையும், எதிர்நிற்போன் வலியையும், துணைநிற்போர் வலியையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும் என்பது அதன் முதற் குறளின் கருத்து. முதல் மூன்று வலிகளுக்கும் இராமாயணத்திலிருந்தும் பாரதத்திலிருந்தும் வேண்டுமளவு சான்று காட்டுவேன். நான்காவது வலிக்கு வரும்போது பெரும்பாலும் மணி அடித்துவிடும்.

சென்ற ஆண்டு, வகுப்பிலே அதிகம் வாய் திறவாத மாணவன் ஒருவன் எழுந்து, முதல் மூன்றையும் நன்கு எடைபோட்டவன் நான்காவதை மாத்திரம் விட்டுவிட்டால் அவன் செய்யும் வினை கெட்டுவிடுமா என்று வினாவினான். வினா எளியது, விடை எனக்கு உடனே வரவில்லை. மறுநாட் சொல்வேன் என்று கூறி வீடு சென்றேன். அன்றிரவு, இளமையிலே ஆங்கிலம் அரைகுறையாகக் கற்ற காலத்திற் படங்களுக்காகவே புரட்டிய நூலொன்று நினைவுக்கு வந்தது. அது எட்வேட் விம்பர் என்னும் ஆங்கிலேயர் தம் அல்ப்ஸ் மலைப் பயணங்களைக் குறித்து எழுதி 1871இல் வெளியிட்ட நூல். மறுநாள் அவர் வரலாற்றையே வகுப்பிற்குக் கூறினேன். அன்று நேரம் போதாமையாற் சுருங்கச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகின்றேன்.

விம்பர் 1840ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆந் தேதி இலண்டன் மாநகரிற் பிறந்தவர். பதினொரு பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தையார் மரக்கட்டையிற் சித்திரஞ் செதுக்கி அச்சுக்குக் கொடுக்குந் தொழிலினர். பதினான்கு வயதிலே பள்ளிப் படிப்பை நிறுத்தி மகனும் அத்தொழிலிலே அமர்ந்தார். பகலெல்லாம் கட்டையும் உளியுமாக இருந்த அவ்விளைஞரின் உள்ளமோ வடதுருவப் பனிக்கடல்களிலே திரிந்துகொண்டிருந்தது. தாமும் ஒருநாள் துருவத்தை நாடிச் செல்லும் கப்பலில் இடம்பெற வேண்டும் என்பதே அவர் கனவு.

துருவத்துக்கு வாய்ப்பு வரவில்லை. அல்ப்ஸ் மலைக்கு வந்தது. 1860இலே வில்லியம் லோங்மன் என்னும் பதிப்பாளர் அம்மலைக் காட்சிகளை வரைந்து வருமாறு இருபது வயதினரான விம்பரை அனுப்பினார். 1857இல் இலண்டனில் மலையேறுவோர் கழகம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. எவரும் ஏறாத சிகரங்களில் முதலடி வைப்பதிலே கற்றோரும் செல்வரும் போட்டியிட்ட காலம் அது. வரையச் சென்ற விம்பர் மலையேறியாகத் திரும்பினார். மறு ஆண்டிலேயே பிரான்ஸ் தேசத்துப் பெல்வூ மலையின் உச்சியை அடைந்தார்.

அப்பொழுது அல்ப்ஸ் மலையிலே ஏறப்படாது எஞ்சிநின்ற பெருஞ்சிகரங்களுள் தலையாயது மற்றர்ஹோண். சுவிற்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாக, நாற்புறமுஞ் செதுக்கிய கூர்ங்கல்லைப்போல் 14,692 அடி உயர்ந்து நிற்பது. வழிகாட்டித் தொழில் செய்வோரும் அதனை அணுக அஞ்சினர். அதன் உச்சியிலே ஆவிகள் உறைவதாகவும் ஊரவர் நம்பினர். விம்பர் 1861 தொடக்கம் 1863 வரை இத்தாலியப் பக்கமாக ஏழுமுறை முயன்றார், ஏழுமுறையும் திரும்பினார். 1862 ஜூலை 19இல் துணையின்றித் தனியே ஏறி, பிறர் எவரும் அதுவரை எய்தாத உயரத்தை எய்தினார். இறங்கும்போது பனிச்சரிவிற் கால் வழுவி, ஏறக்குறைய 200 அடி உருண்டு, பெரும்பாதாளத்தின் விளிம்பிலே தடைப்பட்டு நின்றார். உடலில் இருபதுக்கு மேற்பட்ட காயங்கள். அவ்வாறிருந்தும் சில நாட்களுள் அதே மலைக்கு மீண்டார். வினையின் வலியையும் தம் வலியையும் அவர் அறிந்தவாறு இது. இரத்தஞ் சிந்தியே அவ்விரண்டையும் அளந்தார் எனலாம்.

மூன்றாவது வலி ஓர் ஆளுருவில் அவர் எதிரே நின்றது. மலையின் இத்தாலிய அடிவாரத்து ஊரினனான ழான் அந்துவான் கரெல், முன்னாட் போர்வீரன், வேட்டைக்காரன். அம்மலையை ஏறமுடியும் என்று தொடக்கத்திலிருந்தே நம்பிய வழிகாட்டி அவன் ஒருவனே. அம்மலை தன் ஊர் மலை, அதனை முதலில் வெல்லுதல் தன் நாட்டினர்க்கே உரியது என்பதும் அவன் கொள்கை. சிலமுறை விம்பருடன் கூலிக்குச் சென்றான்; சிலமுறை மறுத்தான்; ஒருமுறை வேறோர் ஆங்கிலேயருடன் சென்றான். அவனே தமக்குச் சிறந்த துணை, அவனே தமக்குக் கடும் பகை என்பதை விம்பர் நன்கு உணர்ந்திருந்தார்.

நான்காவது வலியையோ அவர் அறியாதவர் அல்லர். அதை விளக்குவதற்கு 1864ஆம் ஆண்டுப் பயணத்தை இங்கே சற்று விரித்துரைத்தல் வேண்டும். அவர் வாழ்வில் யான் மிக விரும்பிப் படிக்கும் பகுதியும் அதுவே.

அவ்வாண்டு ஜூன் மாதத்திலே விம்பர், ஏ. டபிள்யூ. மூர், ஹொரஸ் வாக்கர் என்னும் மூன்று இளைஞர் பிரான்ஸ் தேசத்துத் தோபினே மலைநாட்டைக் குறுக்காகக் கடக்கப் புறப்பட்டனர். மூவரும் இருபதுகளில் இருந்தவர்கள். அவர்களுடன் சென்ற வழிகாட்டிகள் இருவர்: பிரான்ஸ் நாட்டவனான மிஷேல் குறோஸ், சுவிற்சர்லாந்தவனான கிறிஸ்தியன் அல்மர். அக்காலத்து வழிகாட்டிகளுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்பட்டோர் இவர்கள். ஒருவன் மொழியை மற்றவன் அறியான். ஆயினும் பனியிலே படி வெட்டும் கோடரிக்கு மொழி வேண்டியதில்லை. ஒருவன் களைத்தபோது மற்றவன் முன்சென்று வெட்டினான்.

ஜூன் 23இல் அவ்வைவரும் மேய்ஷ் மலைமுகட்டின் பிளவு வழியாக ஒரு பள்ளத்தாக்கினின்று மற்றொன்றுக்குக் கடந்தனர். அதுவரை எவரும் அவ்வழியே கடந்ததில்லை. ஜூன் 25இல் அந்நாட்டின் மிகவுயர்ந்த சிகரமான எக்றான் மீது முதன்முதலாக மனித அடி பதித்தனர். கத்தி விளிம்பு போன்ற முகட்டின்மேல் மணிக்கணக்காக நடந்து இறங்கினர். ஊரை அடையுமுன் இருள் சூழ்ந்துவிட்டமையால் அன்றிரவைப் பாறையொன்றின் அடியிலே கழித்தனர். இரண்டு நாள் கழிந்து பிலாத் கணவாயைக் கடந்தபோது ரேனோ என்னும் உள்நாட்டு அன்பர் ஒருவரும் உடன் சென்றார். அவர் மலையேற்றத்திற் பெரிதும் பயின்றவர் அல்லர். இறக்கத்திலே பெரும்பனிப் பிளவொன்றைத் தாண்டிக் குதிக்கவேண்டி வந்தபோது அவர் நெடுநேரம் தயங்கினார். பின்பு கைகால்களைப் பரப்பிக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்தார். அக்காட்சியை விம்பர் தம் நூலிலே நகைச்சுவை ததும்பச் சித்திரமாகவும் செதுக்கியுள்ளார்.

இதிலே கருத வேண்டுவது ஒன்றுண்டு. பயிலாதவர் ஒருவர் அக்கூட்டத்திலும் இருந்தார். ஆயின் அவரைச் சூழ்ந்து நின்ற ஐவரும் ஒருவரை ஒருவர் பல நாளாக அறிந்தவர்கள். எவன் எவ்விடத்தில் தளர்வான், எவன் எவ்விடத்தில் தாங்குவான் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர் தடுமாற்றம் சிரிப்போடு முடிந்தது.

1865ஆம் ஆண்டு வேறுவகையாக அமைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் விம்பர் கிறான் கோர்னியே, கிறான் சோறாஸ், எக்வி வேர்த் என்னும் சிகரங்களை அடுத்தடுத்து ஏறினார். ஒரு திங்களுக்குள் இத்துணை வெற்றியை எய்தியவர் அந்நாளில் வேறெவருமிலர். ஆனால் குறோஸ் வேறொருவருக்கு முன்னரே வாக்களித்திருந்தமையால் இடையிற் பிரிந்து சென்றான். அல்மருக்கோ மற்றர்ஹோண் மலையில் விருப்பமில்லை. விம்பர் கரெலை நாடி இத்தாலியப் பக்கத்துக்குச் சென்றார். கரெலும் முதலில் உடன்பட்டான். பின்பு, உயர்குடியினர் சிலர் தன்னை முன்னரே அமர்த்திக்கொண்டனர் என்று கூறி விலகினான். ஜூலை 11ஆந் தேதி காலையில் விம்பர் விழித்தெழுந்தபோது கரெலும் அவன் நாட்டினரும் மலைநோக்கிப் புறப்பட்டுவிட்டனர். இத்தாலியரின் மலையேறுங் கழகத்துக்காக மறைவில் ஏற்பாடு செய்யப்பட்ட பயணம் அது என்பது பின்னரே வெளியாயிற்று.

நான்காண்டு ஏங்கியது கண்ணெதிரே கைநழுவிப் போகும் நிலை. விம்பரிடம் கூடாரமுங் கயிறும் இருந்தன; ஆள் இல்லை. அன்றே பிரான்சிஸ் டக்ளஸ் பிரபு என்னும் பதினெட்டு வயது இளைஞர் அவ்வூருக்கு வந்தார். இருவரும் கூடினர். மறுநாட் கணவாயைக் கடந்து சுவிற்சர்லாந்துப் பக்கத்துச் சேர்மாற் ஊரை அடைந்தனர். அங்கே பீற்றர் தவுக்வால்டர் என்னும் முதிய வழிகாட்டியை அமர்த்தினர். அதே விடுதியில், அதே மலையை ஏறும் நோக்கோடு சார்ள்ஸ் ஹட்சன் பாதிரியார் வந்து தங்கியிருந்தார். அவருக்கு வழிகாட்டியாக வந்திருந்தவன் விம்பரின் பழைய துணைவனாகிய குறோஸ்! இரு கூட்டம் தனித்தனியே ஒரே மலையில் ஏறுவது நன்றன்று என்று கருதி இரண்டும் ஒன்றாயின.

ஹட்சன் பாதிரியார் மலையேற்றத்திற் பழுத்த அநுபவமுடையவர். அவருடன் வந்த டக்ளஸ் ஹடோ என்பவருக்கு வயது பத்தொன்பது. அல்ப்ஸ் மலைக்கு வந்தது அவ்வாண்டே. இவர் ஏற வல்லவரா என்று விம்பர் வினவியதும் உண்மை. மொன் பிளாங் மலையை இவர் பலரினும் விரைவாக ஏறி மீண்டவர் என்று பாதிரியார் உறுதி கூறினார். அதன்மேல் மறுவினா எழவில்லை. எழுவதற்கு நேரமும் இல்லை. மலையின் மறுபுறத்திலே கரெல் ஏறிக்கொண்டிருந்தான். ஓர் இரவிற் கூடிய கூட்டம் மறுநாட் காலை, ஜூலை 13இல், மலைநோக்கிப் புறப்பட்டது.

அன்றிரவை மலைமீது கூடாரத்திற் கழித்தனர். 14ஆந் தேதி தவுக்வால்டரின் மக்களுள் ஒருவன் திரும்பிவிட, ஏழுபேர் மேலே ஏறினர். கீழிருந்து பார்க்கும்போது அச்சுறுத்திய அப்பக்கம் உண்மையிலே எண்ணியதினும் எளிதாக இருந்தது. உச்சியை அணுகியபோது குறோசும் விம்பரும் கயிற்றினின்று விடுபட்டு முன்னோடினர். பிற்பகல் 1 மணி 40 நிமிடம். பனியிலே வேறு அடிச்சுவடு இல்லை. இத்தாலியப் பக்கத்தை எட்டிப் பார்த்தபோது கரெலின் கூட்டம் மிகக் கீழே சிறு புள்ளிகளாகத் தெரிந்தது. கூவியுங் கல்லுருட்டியும் தம் வெற்றியை அவர்களுக்கு அறிவித்தனர். கரெல் திரும்பிச் சென்றான். அவ்வளவு பெருமகிழ்ச்சியின் நடுவிலும், அவ்வேளையில் அவன் தம்மோடு நின்றிருத்தல் வேண்டும் என்று தாம் எண்ணியதாக விம்பர் பின்னாளில் எழுதியுள்ளார்.

உச்சியில் ஒரு மணிநேரம் தங்கினர். பின்பு இறக்கம். எவர்பின் எவர் இறங்குவது என்பதை ஹட்சனும் விம்பரும் கலந்து முடிவு செய்தனர். குறோஸ் முதலாவது, அவன்பின் ஹடோ, பின் ஹட்சன், டக்ளஸ் பிரபு, முதிய தவுக்வால்டர். கடினமான இடத்தை அடையும்போது பாறையில் ஒரு கயிற்றைக் கட்டி அதனைப் பற்றி இறங்கலாம் என்று விம்பர் ஒரு யோசனை கூறினார். பாதிரியாரும் அதனை ஏற்றுக்கொண்டார். ஆயினும் அது செய்யப்படவில்லை. மற்றவர்கள் கயிறு பிணைத்துக்கொண்டிருந்த வேளையில் விம்பர் உச்சியைப் படமாக வரைந்துகொண்டும், ஏறியவர் பெயர்களைப் போத்தலில் இட்டுக்கொண்டும் பின்தங்கியிருந்தார். சற்றுக் கழித்தே அவரும் இளைய தவுக்வால்டரும் அப்பிணைப்பிற் சேர்ந்தனர்.

குறோஸ் கோடரியை ஒருபுறம் வைத்துவிட்டு, ஹடோவின் கால்களைத் தன் கையாற் பற்றி ஒவ்வொரு படியாக அமர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் தான் இறங்குதற்குத் திரும்பிய கணத்தில் ஹடோ வழுக்கி அவன்மேல் வீழ்ந்தார். இருவர் பாரமும் ஹட்சனை இழுத்தது. அடுத்து டக்ளஸ் பிரபுவை இழுத்தது. மேலே நின்ற மூவரும் பாறையைப் பற்றிக் காலூன்றி நின்றனர். டக்ளஸ் பிரபுவுக்கும் முதிய தவுக்வால்டருக்கும் இடையிலே கயிறு அறுந்தது. நால்வரும் ஏறக்குறைய 4,000 அடி கீழேயிருந்த பனியாற்றில் வீழ்ந்து மாண்டனர்.

அறுந்தது எந்தக் கயிறு என்பதை விம்பர் பின்பே கண்டார். அவர்கள் கொண்டுசென்ற மூவகைக் கயிறுகளுள் மிக நலிந்தது அது. மாந்தரைப் பிணைத்தற்கென்று கொண்டுசென்றதன்று. வலிய கயிறு போதியளவு இருந்தும், அந்த ஓரிடத்தில் மாத்திரம் அது ஏன் வந்தது என்னும் வினாவுக்கு இன்றுவரை தெளிந்த விடையில்லை. முதியவர் வேண்டுமென்றே அதனை அறுத்தார் என்றும் ஊரார் தூற்றினர். விசாரணை மன்றம் அவர்மேற் குற்றமில்லை என்றது. எனினும் அப்பழி அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. மூவர் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. டக்ளஸ் பிரபுவின் உடல் கிடைக்கவேயில்லை. ஜூலை 17இல் கரெல் இத்தாலியப் பக்கமாக ஏறி உச்சியை அடைந்தான்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லுதல் வேண்டும். ஜூலை 15ஆந் தேதி, உயிர் தப்பிய மூவரும் சேர்மாற் ஊருக்குத் திரும்பிய அதே நாளில், விம்பரின் பழைய தோழரான மூரும் வாக்கரும் தேர்ந்த வழிகாட்டிகளோடு மொன் பிளாங் மலையை அதன் மிகக் கடிய முகங்களுள் ஒன்றின் வழியாக முதன்முறை ஏறி, எவருக்கும் ஊறின்றி உச்சியை அடைந்தனர். அவர்கள் ஏறிய வழி எளியதன்று. துணை எடைபோடப்பட்ட துணை.

இலண்டன் பத்திரிகைகள் மலையேற்றத்தையே பழித்தன. விம்பருக்கு வயது இருபத்தைந்து. உலகறிந்த பெயர் அவருக்கு வந்தது. உறக்கம் அவரை விட்டுச் சென்றது. அல்ப்ஸ் மலையிற் புதுச்சிகரங்களைத் தேடி அவர் செய்த பெருமுயற்சிகள் அத்தோடு நின்றன. 1867இலும் 1872இலும் கிறீன்லாந்து சென்று, தம் இளமைக்கனவான வடபனி நாட்டைக் கண்டார். கயிற்றின் தன்மையையும், கூடாரத்தின் அமைப்பையும், உயரத்தை அளக்கும் கருவிகளையும் நுணுகி ஆராய்ந்தார். அவர் அமைத்த கூடாரம் மலையேறுவோரிடையே நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கியது.

1879இன் இறுதியில் தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டுப் பெருமலைகளை ஏறப் புறப்பட்டபோது துணையாக அவர் தேர்ந்தவன் யார்? பழைய பகைவனான ழான் அந்துவான் கரெலே. அவனோடு அவன் உறவினனான லூயி கரெலும் சென்றான். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் மலையுச்சியினின்று கல்லுருட்டி அவமதித்தவனை அவர் தேடிச் சென்றார். அவமதிக்கப்பட்டவனும் உடன்பட்டு வந்தான். 20,000 அடிக்கு மேலுயர்ந்த சிம்பொராசோ மலையில், 16,000 அடிக்கு மேலே பாளையமிட்டபோது மூவரும் ஒருங்கே மூச்சு முட்டி நோயுற்றுக் கிடந்தனர். தேறியபின் 1880 ஜனவரி 4இல் ஒரே கயிற்றிற் பிணைந்து, இடுப்பளவு பனியிலே புதைந்தும் தவழ்ந்தும் உச்சியை முதன்முதலாக எய்தினர். கொற்றொபாக்சி எரிமலையின் உச்சியில் ஓரிரவு தங்கினர். அவ்வாண்டு ஜூலையிற் சிம்பொராசோவை மீண்டும் ஏறினர். மாற்றான் வலியென ஒருகால் எடைபோட்டதே துணைவலியாக மாறி நின்றது.

கரெலின் முடிவும் அறியத்தக்கது. 1890 ஆகஸ்டில், அறுபது வயது கடந்த நிலையில், தன் ஊர் மலையிலே கடும்புயலில் அகப்பட்ட பயணியைத் தன் துணைவனோடு சேர்ந்து ஆபத்தான பகுதி முழுவதையும் கடத்திக் கொணர்ந்தான். அவர் உயிர்க்கு இனி அச்சமில்லை என்னும் இடத்தை அடைந்தபின்னரே தான் விழுந்து இறந்தான்.

விம்பரின் பிற்காலம் தனிமை மிகுந்தது. 1906இல் மணம்புரிந்தார்; ஒரு மகள் பிறந்தாள்; இல்வாழ்வு நிலைக்கவில்லை. 1911இல் மொன் பிளாங் மலையடியிலுள்ள ஷாமோனி ஊருக்கு வந்து விடுதியொன்றில் தங்கினார். நோயுற்று அறைக்கதவை அடைத்துக்கொண்டு எவரையும் காண மறுத்தார். செப்டெம்பர் 16ஆந் தேதி அங்கேயே உயிர் நீத்தார். குறோஸ் பிறந்த பள்ளத்தாக்கு அது. குறோசின் கல்லறையோ சேர்மாற்றிலே உள்ளது.

இவ்வரலாற்றைக் கூறி முடித்ததும், வினாவிய மாணவன் மீண்டும் எழுந்து, அவ்வாறாயின் குற்றம் விம்பருடையதா, ஹடோவினுடையதா என்று கேட்டான். முதல்நாட் போலவே அன்றும் நான் சற்று வாளாவிருந்தேன். என் உள்ளம் அவ்விருவரையும் விடுத்து ஹட்சன் பாதிரியாரிடம் சென்று நின்றது. அவர் தீயவர் அல்லர். தம்மை நம்பி வந்த இளைஞன்மேல் அன்பு கொண்டவர். அவ்வன்பினாலேயே, ஒரு மலையை ஏறியவன் எம்மலையையும் ஏறுவான் என்று உறுதி கூறினார்.

பல்லாண்டுகளுக்கு முன், இலக்கணத்தில் இன்னும் காலூன்றாத மாணவன் ஒருவனை, அவன் ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்து, பாலபண்டித பரீட்சைக்கு ஓராண்டு முந்தியே அனுப்பிவைத்தேன். அவன் வல்லவன் என்று அவன் தந்தையாருக்கு உறுதி கூறியவனும் நானே. அவன் தேறவில்லை. தேறாமையினும் கொடியது, அத்தோடு அவன் தமிழ்ப் படிப்பையே விட்டுவிட்டான். அவனைக் குறித்து நான் எவரிடமும் பேசியதில்லை. அன்று வகுப்பிலே பேசினேன். பிழை அவனுடையதன்று என்றும் சொன்னேன்.

இப்பொழுது அவ்வதிகாரத்தைப் பாடஞ் சொல்லும்போது நான்காவது வலியிலிருந்தே தொடங்குகின்றேன். மற்ற மூன்றும் மணி அடித்தபின் எஞ்சினும் மாணாக்கர் தாமே படித்துக்கொள்வர்.